நான்கு வருட வெள்ளைக் கோப்பை

அதே பல் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது. கூடவே பல் டாக்டரின் சீட்டு: ‘மறுபடியும் மஞ்சள்.’ எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பீங்கான் பொடியைக் குழைத்து, பிரஷ்ஷால் அடுக்கடுக்காகப் பூசி, சூளையில் வைத்து எடுக்கிற வேலை. அதிலும் என் மேஜைக்கு முன்பல் மட்டும்தான் வரும். கடைவாய்ப் பல் நிறம் மாறினால் யார் பார்க்கப் போகிறார்கள்? முன்பல் சிரித்தாலே காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளையில் பதினாறு வகை வைத்திருக்கிறோம். பக்கத்துப் பல் எந்த வெள்ளையோ அதே வெள்ளை வேண்டும். அந்தக் கண் எனக்கு உண்டு. அதனால் கொஞ்சம் திமிரும் உண்டு.

“நாலாவது தடவையும் வந்துச்சுன்னா உங்களை அச்சு வார்க்கிற பக்கம் மாத்த வேண்டியிருக்கும்மா,” என்றார் முதலாளி. என் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் பல்லைப் பார்த்துச் சொன்னார்.

இருபத்திரண்டு வருடம் முன்பல் செய்தவள் போய் பிளாஸ்டர் கரைப்பதா?

“என் கண்ணையா சந்தேகப்படுறீங்க? நாளைக்குக் காட்டுறேன், இருங்க,” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காட்டுவதற்கு என்னிடம் ஒன்று இருந்தது. நான்கு வருடமாகத் தினமும் காலையில், வேலைக்குக் கிளம்புமுன், சமையலறை ஜன்னலில் இருக்கும் வெள்ளைக் கோப்பையை வாட்டர்கலரில் வரைகிறேன். கையகல நோட்டில் ஒரு தாள், இருபது நிமிடம். காய்ச்சலில் கிடந்த நாளிலும் வரைந்தேன். நாத்தனார் மகள் கல்யாணத்தன்றும், எல்லோரும் வண்டியில் ஏறி ஹார்ன் அடித்துக்கொண்டிருக்க, வரைந்து முடித்துத்தான் இறங்கினேன். வெள்ளைக்கென்று நான் சாயம் தொடுவதில்லை. தாளை அப்படியே விட்டுவிட்டு, நிழலை மட்டும் இளநீலச் சாம்பலில் தொட்டால் போதும், கோப்பை எழுந்து நிற்கும். வரைந்ததும் என் வீட்டுக்காரரிடம் நீட்டுவேன். “பிரமாதம்,” என்பார். நான்கு வருடமாக அதே பிரமாதம்தான்.

மறுநாள் நோட்டுகளை முதலாளியின் மேஜையில் தொப்பென்று போட்டேன்.

“பாருங்க. ஒரு நாள்கூட விடல. கண்ணு கெட்டவ வரையிற வெள்ளையா இது?”

அவர் முதல் நோட்டைப் புரட்டினார். கடைசி நோட்டைப் புரட்டினார். பிறகு இரண்டிலும் ஒவ்வொரு பக்கத்தைத் திறந்து அருகருகே வைத்தார்.

“இது ரெண்டும் ஒரே வெள்ளையாம்மா?”

“பின்ன? அதே கோப்பை, அதே ஜன்னல்.”

அவர் சூளைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த மனுஷன் இரண்டு பக்கத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கடைசி நோட்டின் மேல் விரலை வைத்தார்.

“இதுல முழுக்க மஞ்சள் பூசியிருக்கீங்கம்மா,” என்றார் முதலாளி, மெதுவாக. “முதல்ல கண்ணைக் காட்டிட்டு வாங்க. அந்தப் பேஷண்ட் கொஞ்ச நாள் தற்காலிகப் பல்லோட சமாளிக்கட்டும். அந்தப் பல்லை வேற யார்கிட்டயும் கொடுக்க மாட்டேன்.”

கண்புரை என்றார் கண் டாக்டர். மஞ்சள் கண்ணாடி வழியாக உலகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேனாம். ஜன்னல் கட்டைக்குத் தொட்ட மஞ்சள் பிரஷ்ஷோடு வந்து கோப்பை முழுக்கப் பரவினாலும் எனக்கு வெள்ளைத் தாளாகவே தெரியுமாம். ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். அந்தப் ‘பெரும்பாலும்’ வீடு வரைக்கும் கூடவே வந்தது.

“உங்களுக்குமா தெரியல?” என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

“தெரிஞ்சுது. ஒரு வருஷமா.” அவர் பேப்பரை மடித்தார். “வெயில் விழுற மாதிரி நீயே வேணும்னு பூசுறேன்னு நினைச்சேன். கலைன்னா அப்படித்தான் இருக்கும்போல...”

“கலையாவது கத்திரிக்காயாவது! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொல்லிட்டு இந்த வீட்ல நான் குடியிருக்க வேண்டாமா?”

சண்டை போடத்தான் வாயெடுத்தேன். அழுகை வந்துவிட்டது. “பயமா இருக்குங்க,” என்றேன். அவர் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இனிமே தினமும் ஒரு குறை சொல்லணும்,” என்றேன் மூக்கை உறிஞ்சியபடி. “பிரமாதம்னு சொன்னீங்க, அப்புறம் தெரியும் சேதி.”

வலது கண்ணில் ஆபரேஷன். கட்டுப் போட்டிருந்த அன்றும் இடது கண்ணை வைத்து வரைந்தேன், மஞ்சளோ என்னவோ. கட்டுப் பிரித்த மறுநாள் காலை ஜன்னலைப் பார்த்தேன். அடேயப்பா, அந்தக் கோப்பை அவ்வளவு வெள்ளையா! நிழலில் எத்தனை நீலம்! நோட்டைத் திறந்தால் பக்கம் பக்கமாக எண்ணெய் சிந்தியதுபோல மஞ்சள். கிழித்துப் போடலாமா என்று வெறி வந்தது. ஆனால் ஒவ்வொரு பக்கமும் ஒரு காலைப்பொழுது. மூடி வைத்துவிட்டுப் புதுத் தாளை எடுத்தேன்.

வேலைக்குத் திரும்பியதும் அந்தப் பல்லை நான்காவது முறை செய்தேன். சூளையிலிருந்து எடுத்ததும் வெயிலில் கொண்டுபோய் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துச் சீட்டு வந்தது: ‘எது புதுப் பல் என்று பேஷண்டுக்கே தெரியவில்லை.’ முதலாளி அதை என் மேஜைக் கண்ணாடியின் அடியில் செருகிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை வரைந்த படத்தை வீட்டுக்காரரிடம் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார். தொண்டையைச் செருமினார். எழுந்து வாசல் பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டார்.

“கைப்பிடி கோணல்,” என்றார்.

“எத்தனை நாளா?”

“நாலு வருஷமா.”

கோப்பையைப் பார்த்தேன். படத்தைப் பார்த்தேன். கோணல்தான். சிரித்து முடிக்கவே எனக்கு நேரமானது. அடுத்த நாள் காலை கைப்பிடியிலிருந்து ஆரம்பித்தேன்.