எலிக்குக் கொடுத்த வருத்தம்

காமிலுக்கு யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் எலிகளோடு வேலை. ஊசி போட்டு அவற்றின் மூட்டுகளை வீங்கவைப்பான்; பிறகு புதுமருந்தைக் கொடுத்து வீக்கம் வற்றுகிறதா என்று பார்ப்பான். மனிதருக்கு வரும் மூட்டுவாதத்தை எலியில் உண்டாக்கிப் படிக்கிற வேலை அது. எருக்கலம்பிட்டியில் இருந்த மனைவி ஹுஸ்னியாவுக்கும் அதே வருத்தம்தான். அவளுக்காகத்தான் அந்த வேலையில் போய் விழுந்தான். வீட்டுக்கு வரும்போதெல்லாம், "என்ட சக்களத்திமார் சுகமா?" என்று கேட்டு அவள் சிரிப்பாள்.

ஒருநாள் வீக்கம் வற்றியது. எலிகள் ஓடித் திரிந்தன. மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை. "புள்ள, குணமாயிட்டுது!" என்று போனில் கத்தினான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், பாவி!

அதற்குப் பிறகு ஒரு வருஷம் எலிகளை விட்டு நகரவே நேரமில்லை. பெருநாளுக்குக்கூட வந்த கையோடு போய்விட்டான். அவளும் கையை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டே வழியனுப்பினாள்.

இந்த முறை வந்தபோது தேத்தண்ணிக் கோப்பை அவள் கையிலிருந்து விழுந்து உடைந்தது. விரல்கள் ஒருபக்கமாகக் கோணியிருந்தன.

"ஆஸ்பத்திரிக் குளிசை போடுறியா?" என்றான் காமில்.

"அதை எப்பவோ விட்டுட்டன். வயித்தைப் பிரட்டுது, தலைமயிர் கொட்டுது. உங்கட மருந்து வருகுதுதானே?"

"ஆர் உன்னை விடச் சொன்னது?"

"நீங்கதானே குணமாயிட்டுதெண்டு சொன்னீங்க."

"எலிக்கு! எலிக்கெல்லோ சொன்னனான்!"

"எலிக்குக் குடுத்தது என்ட வருத்தத்தைத்தானே?"

அவனுடைய கோபமெல்லாம் அந்த இடத்திலேயே அடங்கிப்போனது.

மறுநாள் மன்னார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு அரித்துவிட்டது, அரித்தது இனித் திரும்பாது என்றார் டாக்டர். காமிலுக்கு அதை யாரும் சொல்லவேண்டியதில்லை. வீக்கம் தொடங்கிய உடனேயே மருந்து கொடுத்த எலிகள்தான் ஓடின. பிந்திக் கொடுத்தவற்றின் மூட்டை அவனே வெட்டிப் பார்த்திருக்கிறான், ஒன்றுகூடத் தேறவில்லை. சந்தோஷத்தில் அதை இவளிடம் சொல்ல மறந்துபோனான்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் அவள் கேட்டாள்: "இனி உங்கட மருந்து வந்தாலும் இந்த விரல் நிமிராதா?"

பொய் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. "நிமிராது" என்றான்.

"அப்ப ஆருக்காக என்னைத் தனிய விட்டுட்டு அங்க கிடந்தீங்க?"

காமில் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவன் முகத்தைத் துடைத்துவிட அவள் முக்காட்டு நுனியைப் பிடிக்கப் பார்த்தாள். விரல்கள் பிடிக்கவில்லை.