பறிந்துரை

அக்காவின் வலைத்தளத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் வேறு இடம் பார்த்தாக வேண்டும். இன்று புதன். இந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்ததற்குக் காரணம், கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டால் சரியாகிவிடும் என்று எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தது நான். அன்றிலிருந்து நான்தான் நிபுணர். மற்றபடி என் பிழைப்பு பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது. அடுத்தவர் எழுதியதில் பிழை கண்டுபிடித்தால் அலுவலகத்தில் சம்பளம் கிடைக்கும், வீட்டில் வசவு கிடைக்கும்.

நாலு வருடத்துக்கு முன்பு, தளத்துக்கு இடம் வாடகைக்குக் கொடுக்கிற இப்போதைய ஹோஸ்டிங் கம்பெனியைத் தேர்ந்தெடுத்ததும் நானே. அவர்களுடைய சின்னம் ஆமை. ஓடு கெட்டி, உள்ளே இருப்பது பத்திரம் என்று சொல்ல வந்திருப்பார்கள். “ஆமை புகுந்த வீடு விளங்காதும்பாங்களேடி” என்று அக்கா அன்றைக்கே கேட்டாள். “அது வீட்டுக்கு. இது சர்வர்” என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

அக்கா பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். பக்கவாதம் வந்து பேச்சுப் போனவர்களை எதிரே உட்கார வைத்து, ஒவ்வொரு சொல்லாக மீட்டுக் கொடுப்பது அவள் வேலை. வாரத்தில் ஒரு நாள் நேரில் வருவார்கள். மற்ற நாளெல்லாம் வலைத்தளம்தான். அதில் அவள் குரலில் முந்நூற்று நாற்பது பயிற்சிகள் இருக்கின்றன. காலையில் வீட்டில் யாராவது போட்டுவிடுவார்கள். “தண்ணி. தண்ணி வேணும்” என்று அக்கா சொல்வாள். பிறகு பத்து விநாடி சும்மா இருப்பாள். அந்தப் பத்து விநாடியும் அந்தப் பக்கம் ஒருவர் தண்ணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

போன மாதம் ஆமை ஒன்பது நாள் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது. தளத்தைத் திறந்தால் வெறும் வெள்ளைத் திரை. மெயில் அனுப்பினால், உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம் என்று ஓர் இயந்திரம் பதில் போட்டது. ஆறாவது நாள் ஓர் அம்மா கூப்பிட்டார். அவர் கணவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஏழு மாதத்தில் பதினோரு சொல் மீட்டிருந்தார். “காலையில குளிச்சுட்டு வந்து அந்த வெள்ளைத் திரை முன்னாடியே உக்காந்திருக்காரும்மா. நான் சொல்லிக் கொடுத்தா மூஞ்சியைத் திருப்பிக்கிறார்” என்றார். பத்தாவது நாள் தளம் திரும்பி வந்தபோது பதினோரு சொல்லில் இரண்டைக் காணவில்லை. தண்ணி இருந்தது. கதவும் மனைவியின் பெயரும் போயிருந்தன.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். “வெள்ளிக்கிழமையோட இவங்களுக்குக் கட்டின வருஷம் முடியுது. அதுக்குள்ள நல்லதா ஒண்ணு பாத்துச் சொல்லு. நீ சொன்னா சரி” என்றாள். அந்த ‘நீ சொன்னா சரி’ மூன்று நாளாக என் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது.

லீவு போட்டுவிட்டு அவளுடைய பயிற்சி அறையின் ஓரத்து மேசையில் உட்கார்ந்துகொண்டேன். ‘தலைசிறந்த பத்து நிறுவனங்கள்’ என்ற பட்டியல்களாக இருபது படித்தேன். ஒன்றில் முதலாவதாக இருப்பது இன்னொன்றில் எட்டாவதாக இருந்தது. ஒவ்வொரு பெயருக்குக் கீழும் ஒரு பட்டன். அதை அழுத்திச் சேர்ந்தால் பட்டியல் போட்டவருக்குக் கமிஷன் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. விற்பவனிடம் கூலி வாங்கிக்கொண்டு வாங்குபவனுக்கு யோசனை சொல்கிற தரகர்கள். சரி, தரகர் வேண்டாம், பணம் கட்டி அனுபவித்தவர்கள் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம் என்று வாடிக்கையாளர்களின் ரிவ்யூக்களுக்குப் போனேன்.

அங்கே என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. பச்சை நிறச் சின்னம் வைத்த ஒரு கம்பெனிக்கு ஐந்து நட்சத்திரங்களாகக் கொட்டிக் கிடந்தன. ஒரு பல் மருத்துவர் எழுதியிருந்தார்: ‘அனைவருக்கும் பறிந்துரைக்கிறேன்.’ சிரித்துக்கொண்டேன். பரிந்து உரைப்பதுதான் பரிந்துரை, அதற்குச் சின்ன ‘ர’. பெரிய ‘ற’ போட்டால் வழிப்பறி ஆகிவிடும். பல் மருத்துவருக்கு இலக்கணம் எதற்கு என்று கீழே போனால், ஒரு தையல்கடைக்காரரும் பறிந்துரைத்திருந்தார். பிறகு ஒரு பள்ளி முதல்வர், ஒரு பூக்கடை அம்மா, ஒரு நாய் மருத்துவமனை. எண்ணிப் பார்த்தேன், பதினேழு பேர். பதினேழு பேரும் வேறு வேறு தொழில், வேறு வேறு ஊர், ஒரே ‘ற’. ஒவ்வொருவரும் அவரவர் பாணியில்தான் பிழை விடுவார்கள். பதினைந்து வருடமாக அதைத்தான் பார்க்கிறேன்.

போட்டிக் கம்பெனி ஒன்றுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டவர்களிடம் போனேன். வயிறெரிந்தவன் பொய் சொல்லமாட்டான் என்று நினைப்பு. ‘என் தொழிலே நாசமாகிவிட்டது, இவர்களை யாருக்கும் பறிந்துரைக்க மாட்டேன், பச்சைக்கு மாறிய பிறகுதான் நிம்மதி’ என்று ஒருவர் அழுதிருந்தார். அதே கை. புகழ்வதும் கூலிக்கு, வைவதும் கூலிக்கு. அதற்குப் பிறகு யாரைப் படித்தாலும் நம்ப முடியவில்லை. பிழையோடு எழுதினால் கூலிக்காரனோ என்று சந்தேகம், பிழையில்லாமல் எழுதினால் கம்பெனிக்காரனே உட்கார்ந்து எழுதினானோ என்று சந்தேகம். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? நடுநடுவே கண்டக்டரின் பயிற்சிப் பக்கம் திறக்கிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.

இன்று மத்தியானம்தான் ஒரு வழி தோன்றியது. நீலச் சின்னம் வைத்த கம்பெனிக்கு ரிவ்யூ எழுதியவர்களில் நாலு பேர் தங்கள் வலைத்தளத்தின் பெயரையும் போட்டிருந்தார்கள். அதற்குள் போனால் போன் நம்பர் இருக்கும். உயிருள்ள ஆளிடம் நேரடியாகவே கேட்டுவிட்டால் என்ன? என் போன் சார்ஜில் கிடந்ததால் பயிற்சி அறையின் போனை எடுத்தேன். அக்கா ஒரு நோயாளியை அனுப்பிவிட்டு, வாயசைவு பார்க்க வைத்திருக்கும் பெரிய கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி பண்றே?”

“எழுதினவங்களையே கூப்பிட்டுக் கேக்கப் போறேன்.”

“கேளு, கேளு. ஆழம் தெரியாம காலை விட்டதெல்லாம் போதும்” என்றாள்.

முதல் நம்பர் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது ஆள், கடையை மூடி இரண்டு வருடம் ஆகிறது என்றார். மூன்றாவது பெண், “என் நம்பர் உங்களுக்கு யார் கொடுத்தது?” என்று சண்டைக்கு வந்தார். நாலாவது ஒரு சைக்கிள் கடைக்காரர். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவர் ஒருவரைத்தான் மலைபோல் நம்பியிருந்தேன். அவருடையதில் மட்டும்தான் திட்டும் பாராட்டும் கலந்து இருந்தன.

கால் மணி கழித்துப் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன்.

“வணக்கம்மா. ஹோஸ்டிங் கம்பெனி ரிவ்யூ விஷயமா பேசறேன்” என்றது ஓர் ஆண் குரல். குரலா அது. போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

“சார், திரும்பக் கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றி. நீங்க எழுதினதைப் படிச்சேன். அது உண்மைதானான்னு ஒரு வார்த்தை கேக்கத்தான்…”

“நான் ஒண்ணும் எழுதலையேம்மா. எழுதினது நீங்கதானே?”

எனக்குப் புரியவில்லை. அவரே சொல்லிக்கொண்டு போனார். “கொஞ்சம் சத்தமா பேசுவேன், தப்பா நினைக்காதீங்க. காதுல வைக்கிற மெஷின் ரிப்பேர் பாக்கிறேன். வர்றவங்க யாருக்கும் காது கேக்காது, முப்பது வருஷப் பழக்கம். ஆமைக் கம்பெனிக்கு நீங்க ரிவ்யூ போட்டிருக்கீங்க இல்லையா? கீழ சைட் பேர் இருந்துச்சு, அதுல போய்தான் இந்த நம்பரை எடுத்தேன். படிக்கட்டுமா? ‘சந்தேகம் கேட்ட நான்கே நிமிடத்தில் பதில் வந்தது. இதைவிட நம்பகமான நிறுவனம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சேரலாம்.’ உங்களுதுதானே?”

என்னுடையதுதான். நாலு வருடமாக அதை நினைத்ததே இல்லை. சேர்ந்த மூன்றாம் நாள் ஆமையிடமிருந்து ஒரு மெயில் வந்தது, எங்களைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதினால் ஒரு மாதம் இலவசம் என்று. எழுதினேன். நான்கு நிமிடம் என்பது பொய்யில்லை. அதுவரை நான் கேட்டிருந்தது ஒரே ஒரு கேள்வி, அதற்கு நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. மற்ற இரண்டு வரியும் அந்த ஒரு மாதத்துக்காக வந்தவை.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பயனில்லை, அந்தக் குரல் சுவரையும் துளைக்கும். கண்ணாடியில் அக்காவின் துணி நின்றுவிட்டது.

“நானும் நிறையப் படிச்சுப் பாத்தேம்மா. எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி, தப்பும் தவறுமா இருந்துச்சு. உங்களோடதுல ஒரு தப்புக் கிடையாது. யாரோ படிச்சவங்க, பொறுப்பா எழுதியிருக்காங்கன்னு நம்பிச் சேர்ந்தேன். மூணு வாரம் ஆச்சு. இப்ப அஞ்சு நாளா என் சைட் திறக்கலை. எங்கிட்ட வர்றவங்களால போன் பண்ண முடியாதும்மா, பண்ணினா அவங்களுக்குக் கேக்காதே. மெஷின் நின்னுபோச்சுன்னா சைட்லதான் எழுதுவாங்க. யார் யார் எழுதிட்டு உக்காந்திருக்காங்கன்னே தெரியலை. தினமும் மெயில் போடறேன், பதிலே இல்லை.”

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

“உங்களுக்குத்தான் நாலு நிமிஷத்துல பதில் சொல்றாங்களே. எனக்காக அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்ல முடியுமாம்மா?”

சரி சார், கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிடலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நிமிர்ந்தால் கண்ணாடிக்குள் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோயாளிகள் வாயைத் திறக்கும்வரை அவள் இப்படித்தான் காத்திருப்பாள்.

“சார்” என்றேன். “எனக்கும் பதில் வரலை. போன மாசம் எங்க சைட்டும் ஒன்பது நாள் படுத்துடுச்சு. அந்த ரிவ்யூ, சேர்ந்த மூணாம் நாள் எழுதினது. ஒரு மாசம் இலவசம்னாங்க. அதுக்காக எழுதினேன்.”



“நான் சேர்ந்தது அந்த ஒன்பது நாளுக்கு அப்புறம்தான் இல்லையாம்மா?” என்றார். முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். “அதை நீங்க அதுல எழுதலையே.”

“மறந்துட்டேன் சார்.”

அது உண்மை. அந்த ஒன்பது நாளும் ஆமைக்குப் பதினெட்டு மெயில் எழுதினேன், அக்காவிடம் புலம்பினேன், அலுவலகத்தில் கண்டவரிடமெல்லாம் சொல்லி ஆத்திரப்பட்டேன். நான் எழுதி வைத்த மூன்று வரி அங்கே இன்னும் ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் நினைவுக்கு வரவேயில்லை. ஊர் உலகத்தின் பிழையெல்லாம் என் கண்ணில் பட்டது.

அக்கா துணியை மேசையில் போட்டுவிட்டு வந்தாள். கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். கம்பெனிகளின் பெயர்களைக் குறித்து வைத்திருந்த என் நோட்டையும் அவளே எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

“ஐயா, நான் அவளோட அக்கா. அந்த சைட் என்னோடதுதான்” என்றாள். “நானும் இவ சொல்லித்தான் சேர்ந்தேன்.”

இப்படி ஒன்றை அவள் என்னிடம் நேராகச் சொன்னதே இல்லை. இப்போதும் என்னிடம் சொல்லவில்லை.

“சைட் திறக்கலைன்னாலும் பேக்கப், அதான் நகல், எடுக்கிற பக்கம் தனியா திறக்கும், பயப்படாதீங்க. போன மாசம் பட்டப்புறம் நானே கத்துக்கிட்டேன். எப்படின்னு சொல்றேன், எழுதிக்குங்க. வர்றவங்க எழுதினதும் அதுல இருந்தா கெடைச்சுடும்” என்று அவரிடம் சொன்னாள். “நானும் வெள்ளிக்கிழமைக்குள்ள வேற இடம் பாத்தாகணும். நாம ரெண்டு பேரும் பேசிக்கிட்டே பாப்போம்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் குரல் பழையபடி உயர்ந்துவிட்டது, அறை முழுக்கக் கேட்டது.

“தங்கச்சியைத் திட்டாதீங்கம்மா. அழகாத்தான் எழுதியிருந்தாங்க.”