கேமராவுக்கு ஒரு பிளாஸ்திரி

மருமகளின் லேப்டாப் மேசை மாமனாரின் கட்டிலுக்கு முன்னால்தான் இருந்தது. வீட்டில் வேறு இடமில்லை. பக்கவாதம் வந்து படுத்தபிறகு, பகல் முழுக்க அவர் பார்ப்பது அவள் முதுகைத்தான். கேட்பது அவள் குரலைத்தான். வாஷிங் மெஷின் கம்பெனிக்காக வீட்டிலிருந்தே புகார் கேட்பது அவள் வேலை. வாஷிங் மெஷின் ஓடவில்லை என்று யார் யாரோ போனில் எகிறுவார்கள். அவள் குரல் மட்டும் இம்மி ஏறாது. கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தே காலத்தை ஓட்டியவர் அவர். கிளட்சை விடத் தெரியாதவர்களிடம் தான் போட்ட கூச்சலை நினைத்து, இவளுக்கு மட்டும் எங்கிருந்து இந்தப் பொறுமை வந்தது என்று வியந்துகொள்வார்.

இனி வேலை நேரம் முழுக்க கேமரா திறந்தே இருக்கவேண்டும் என்று கம்பெனியில் உத்தரவு போட்டார்கள். மகன் வேலைக்குக் கிளம்பும் முன் குறுக்கே கயிறு கட்டி, பழைய போர்வையைத் தொங்கவிட்டான்.

"கொஞ்சம் பொறுத்துக்குங்கப்பா."

மின்விசிறிக் காற்றில் போர்வை மேலெழும்பியது. லேப்டாப்பின் மூலையில், சின்னக் கட்டத்துக்குள், தன் இரண்டு பாதங்களும் தெரிவதைப் பெரியவர் பார்த்தார். யாருடைய பாதங்களோ போல இருந்தன. நல்ல கையால் மெல்ல எட்டி, கட்டிலோரத்து விசிறியை நிறுத்தினார். வியர்த்து வழிந்தது. சிறுநீர் முட்டியபோதும் அவளைக் கூப்பிடவில்லை. அவள் வந்தால் போர்வையை விலக்கத்தானே வேண்டும்? பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். கடைசியில் உடம்பு அவர் பேச்சைக் கேட்கவில்லை.

சாப்பாடு கொடுக்க வந்தவள் நனைந்த விரிப்பைப் பார்த்தாள்.

"ஏன் மாமா கூப்பிடல?"

"அவங்க... பாக்கறாங்களேம்மா."

அவள் மேசைப் பக்கம் திரும்பினாள். அவருடைய மருந்துப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்திரியைக் கிழித்துக் கேமராவின் மேல் ஒட்டினாள். கயிற்றை அவிழ்த்துப் போர்வையை உருவிப் போட்டாள். சற்று நேரத்தில் திரையில் மேற்பார்வை அம்மாளின் முகம் வந்தது.

"உங்க கேமரா கறுப்பா இருக்கே, என்ன ஆச்சு?"

"நான்தான் மூடினேன் மேடம்."

"மூடக்கூடாதுன்னு தெரியும்ல?"

குடும்பச் செலவில் பாதி அவள் சம்பளத்தில்தான் ஓடியது. வேண்டாம் என்று பெரியவர் நல்ல கையை ஆட்டினார். அவள் திரும்பவில்லை.

"தெரியும் மேடம். நான் பேசறதை எப்ப வேணா கேளுங்க, செய்யற வேலையப் பாருங்க. ஆனா இது எங்க மாமா படுத்திருக்கிற ரூம். அவர் உங்க கம்பெனியில சேரலையே."

வாஷிங் மெஷின்காரர்களிடம் பேசும் அதே குரல்.

"நான் மேல எழுதியாகணும். வேலைக்கே ஆபத்து வரலாம்."

"எழுதுங்க மேடம். நான் சொன்னதை அப்படியே எழுதுங்க."

அந்த அம்மாள் எதையோ சொல்ல வாயெடுத்தார். தன் வீட்டுக்குள் யாரோ கூப்பிட்டதுபோல ஒருபுறம் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளின் கட்டமும் இருண்டது.

"எனக்காக வேலைய விட்டுறாதம்மா" என்றார் பெரியவர்.

"உங்களுக்காக மட்டும்னு யார் சொன்னது? நான் கொட்டாவி விடறதை நீங்க பாத்தாப் போதும். ஊரே பாக்கணுமா?"

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவள் விசிறியைப் போட்டாள். அதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது. காதில் ஹெட்செட்டோடு அவரைப் பக்கவாட்டில் புரட்டி, ஈர விரிப்பை உருவினாள்.

"வணக்கம், சொல்லுங்க சார்... தண்ணி வருதா?... சரி, அவசரமில்ல, மெதுவாப் பாத்துச் சொல்லுங்க."

அலமாரியிலிருந்து எடுத்த துவைத்த போர்வையை இரு கைகளாலும் உதறினாள். அது காற்றில் உப்பி, ஒரு கணம் அப்படியே நின்று, அவர் மேல் மெல்ல இறங்கியது.