இருவரும் கையெழுத்திட வேண்டிய கணக்கு

1

இந்தக் கதை கனவில் வந்தது என்று சொல்ல ஆசைதான். வந்தது ஒரு தொலைபேசி அழைப்பு. வங்கி ஒன்றின் விளம்பர அதிகாரி பேசினார்: "சேமிப்புக் கணக்கு, செக், கார்டு, இதெல்லாம் சாதாரண ஜனங்களுக்குப் புரியற மாதிரி ஒரு குட்டிக் கதை வேணும் சார். குடும்பக் கதையா இருக்கட்டும். கடைசியில சந்தோஷமா கார்டு வாங்கணும்."

முதல் வரி: ‘சேமிப்புக் கணக்கு ஓர் உண்டியலைப் போன்றது, ஆனால்…’

(விட்டுவிட்டேன். உண்டியல் யாரையும் வரிசையில் நிற்கச் சொல்லாது.)

அடுத்தது: ‘ஓர் ஊரில் மகிழ்ச்சியான தம்பதி…’

மேற்கொண்டு ஓடவில்லை. தம்பதியைப் பிரித்துவைத்தேன். கதை மளமளவென்று நகர்ந்தது.

2

அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். அவன் லிஃப்ட் மெக்கானிக். இப்போது ஆளுக்கொரு வீடு. கல்யாணமான புதிதில் திறந்த கூட்டுக் கணக்கு மட்டும் பிரியவில்லை. மகளின் விடுதிக் கட்டணம் அதிலிருந்துதான் போகிறது. இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் செக் செல்லும்.*

அதனால் மாதாமாதம் வங்கியில் சந்திப்பார்கள். அவன் கையெழுத்துப் போட்டு செக்கை அவள் பக்கம் நகர்த்துவான். அவளும் போடுவாள். பேச்சு கிடையாது.

(* இப்படிப்பட்ட கணக்குக்கு அந்த வங்கியில் கார்டு தருவதில்லை. ரகசிய எண்ணை ஆளுக்குப் பாதியாக அழுத்த முடியாதே.)

3

அவளுக்கு அது அலுத்துப்போனது. (அலுத்ததா, வலித்ததா? இந்தப் பெண் என்னிடமே முழுசாகச் சொல்வதில்லை.) அந்த மாதம் கவுன்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டுவிட்டாள்.

"இத மாத்த முடியாதா? ஆளுக்கொரு கார்டு இருந்தா போதும். ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேரும் வரவேண்டியிருக்கு."

"மாத்தலாம் மேடம். யாராவது ஒருத்தர் கையெழுத்து போதும்னு ரெண்டு பேரும் இந்தப் படிவத்துல எழுதிக் குடுக்கணும். ஆனா அதுக்கப்புறம் ஒருத்தரே மொத்தத்தையும் எடுத்துக்கலாம். இன்னொருத்தர நாங்க கேக்க மாட்டோம். பரவாயில்லையா சார்?"

சேர்ந்திருந்தபோது இரண்டு கையெழுத்து. பிரிந்த பிறகு ஒன்றே போதுமாம். இதை நான் மெனக்கெட்டு யோசித்ததாக நினைத்துவிடாதீர்கள். வங்கி விதி இலவசமாகத் தந்தது.

அவன் தயங்கவே இல்லை. "எடுத்துக்கட்டும். அவ மேல எனக்கு நம்பிக்கை இருக்கு."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"பணத்துல நம்பிக்கை இருக்காம்," என்றாள், கவுன்டர் பெண்ணிடம். "வேலையில லேட்டாச்சுன்னு நான் சொன்னப்ப மட்டும், நெஜமாவே அங்கதான் இருக்கேனான்னு டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டாரு. மறுநாள் டாக்டர் முகத்துல எப்படி முழிச்சேன்னு எனக்குத்தான் தெரியும்."

வரிசை காதைத் தீட்டிக்கொண்டது. கவுன்டர் பெண்ணுக்கு இதற்கெல்லாம் பயிற்சி கொடுத்திருக்கவில்லை.

"மேடம், படிவம் இப்பவே தர்றீங்களா, அப்புறமா?"

4

முடிவு ஒன்று (வங்கி கேட்டது): இருவரும் கார்டைப் பிடித்தபடி சிரிக்கிறார்கள்.

முடிவு இரண்டு: அவன் தேம்பித் தேம்பி… இல்லை. இவன் அழுகிற ஆள் இல்லை.

நடந்தது இதுதான். அவள் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வெளியே வந்ததும் அவன், கதவின் கீலைப் பார்த்தபடி சொன்னான்:

"அன்னிக்கு நான் போன் பண்ணது தப்புதான்."

"இதச் சொல்ல பேங்க் வாசல்தான் கெடச்சுதா?"

"வேற எங்க பாத்துக்கறோம்?"

அவள் பேருந்து நிறுத்தத்துக்கு வழக்கமாக நடக்கிற வேகத்தில் நடக்கவில்லை.

5

அதிகாரி படித்துவிட்டு அழைத்தார். "நல்லாத்தான் இருக்கு சார். கார்டு வாங்கினாங்களா இல்லையா?"

தெரியாது என்றேன். கதைக்கான பணம் எனக்கு இன்னும் வரவில்லை.

படிவம் அவள் பையில் இருக்கிறது. கையெழுத்தானால் கார்டு வந்துவிடும். அவர்கள் சந்திக்கவேண்டிய அவசியம் போய்விடும். ஆகாவிட்டால் மாதாமாதம் வரிசையில் நிற்கவேண்டும். எது நல்ல முடிவு என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். அதற்குமுன் ஒரு தகவல். ஆண்டுக் கட்டணம் முழுவதையும் ஒரே செக்கில் கட்டிவிடலாம் என்று விடுதியிலிருந்து இருவருக்கும் தனித்தனியாக எப்போதோ சொல்லிவிட்டார்கள்.

அவளும் அதை அவனிடம் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை.