உள்ளங்கையில் ஒரு மாத்திரை

அவள் கணவன் தூங்காத இடம் எது என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளை கண்ணை மூடியிருப்பது வெட்கத்தால் என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அது நின்றபடியே போட்ட குட்டித் தூக்கம். வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் துவளும். கோபம் வந்தால் தலை தொங்கும். சோம்பேறி என்று ஊரே தீர்ப்பு சொல்லி முடித்த பிறகுதான் ஒரு டாக்டர் அது நோய் என்று கண்டுபிடித்து, காலையில் போட்டுக்கொள்ள ஒரு வெள்ளை மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அதன் பிறகுதான் அந்தத் தூங்குமூஞ்சியும் ஒரு ஆளானான். வீட்டுக்குக் கீழேயே சலூன் வைத்தான். அடுத்தவன் கழுத்தில் கத்தி வைக்கிற தொழில் அது. அவனை நம்பி அதைக் கொடுத்ததே அந்த மாத்திரைதான்.

தினமும் காலையில் உள்ளங்கையை நீட்டுவான். அவள் மாத்திரையை வைப்பாள். என்ன ஏது என்று பார்க்கக்கூட மாட்டான். வாயில் போட்டு, மடக்கென்று தண்ணீர் குடித்துவிட்டுப் படியிறங்கிப் போய்விடுவான்.

அவளுக்கு வேலை மாடியிலேயே. வெளிநாட்டுத் தொடர்களுக்குத் திரையின் அடியில் ஓடுகிற வசன வரிகளை எழுதுகிறவள். எதைக் கேட்டாலும் நேற்றே வேண்டும் என்று கேட்கிற கம்பெனி. கண் சொக்கிப்போன ஒரு நாள், அவன் மாத்திரையில் ஒன்றை எடுத்து விழுங்கினாள். சும்மா சொல்லக் கூடாது, தலைக்குள் யாரோ விளக்கைப் போட்ட மாதிரிதான் இருந்தது. பசியில்லை, கொட்டாவியில்லை, ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். கம்பெனி அருமை என்றது. அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் கேட்டது.

மாத்திரையோ அளவாகத்தான் கிடைக்கும். அதனால் தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். சலூனுக்கு வார விடுமுறை வரும் நாளில் அவன் விழித்திருந்து ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அன்றைய மாத்திரை மட்டும் தனக்கு. அவன் கையில் அதே நிறத்தில் ஒரு கால்சியம் மாத்திரை. எலும்புக்கு நல்லதுதானே என்று சமாதானம் வேறு! திருட்டுக்குக்கூட ஒரு நியாயம் வைத்திருந்தாள், பாருங்கள்.

வினையே அந்தச் சட்டத்தில்தான் இருந்தது. படுத்து எழுந்தால்தான் மனிதருக்கு நேற்று முடிந்து இன்று தொடங்கும். தூங்காதவளுக்கு எல்லாம் ஒரே நீளமான நாள். விடுமுறை எப்போது என்பது வெறும் மனக்கணக்காகிவிட்டது. அந்தக் கணக்கும் அவளுடைய அவசரத்துக்குத் தகுந்தபடி வளைந்து கொடுத்தது.

இன்றும் விடுமுறை என்றுதான் விழுங்கினாள். அவன் படியிறங்கியதுகூடக் கடையைக் கூட்டிப் பெருக்கத்தான் என்று நினைத்துக்கொண்டு ஹெட்போனை மாட்டினாள். தொடரின் கடைசிப் பகுதி. ஆனால் இந்த மாத்திரைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. செய்ய வேண்டிய வேலையைப் பிடிக்காது, கண்ணெதிரே எது இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். திரையில் ஒருவன் கதவருகே நின்று பெருமூச்சு விட்டான். 'பெருமூச்சு' என்று எழுதினாள். 'நீண்ட பெருமூச்சு' என்று மாற்றினாள். அது சலிப்பா, நிம்மதியா? முன்னே ஓட்டினாள், பின்னே ஓட்டினாள். சுவரில் இருந்த வெயில் தரைக்கு இறங்கிவிட்டது. அவன் மட்டும் கதவருகிலேயே நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அவள் கால் தானாக ஆடியது. பல்லோடு பல் உரசியது. நாக்கு வறண்டு மேலே ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடிக்க எழுந்தவள் அதை மறந்து ஜன்னல் திரையை இழுத்துச் சரிசெய்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். காது சூடாக இருந்ததால் ஹெட்போனைக் கழற்றினாள்.

கீழே கத்திரிக்கோல் சத்தம் கேட்டது.

விடுமுறை நாளில் கத்திரிக்கோலா? போனை எடுத்துப் பார்த்தாள். இன்று கடை திறக்கிற நாள். அவன் வயிற்றில் கால்சியம், கையில் கத்தி.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

சலூன் நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு ஒருவர் சாய்ந்திருந்தார். கழுத்தில் கத்தி இருந்தது. ஆனால் அதைப் பிடித்திருந்தவள் நாத்தனார். அவளுக்கும் அதே தொழில்தான். வேறொரு தெருவில் சொந்தக் கடை. அவள் தம்பி, அதாவது இவளுடைய கணவன், ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, நீங்க எப்ப வந்தீங்க?"

"நான் வந்து எத்தனையோ தலை முடிஞ்சாச்சு. உனக்குத்தான் இடி விழுந்தாலும் கேக்காதே!"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீ ஏன் இறங்கி வந்தே? உன் வேலை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"என்ன சொல்லணும்?"

"மருந்து கைவிட்டுருச்சு. சில நாள் கேக்குது, சில நாள் கேக்கவே மாட்டேங்குது. போன வாரம் இவரு காதுகிட்ட கத்திய வச்சபடியே கண்ணு செருகிருச்சு. நல்லவேளை, தும்மினாரு, முழிச்சுக்கிட்டேன். நோய் முத்தியிருக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. கடைய அக்கா பாத்துக்கட்டும். நான் துண்டு துவைக்கறேன், பெருக்கறேன். எனக்குக் கத்தி இனிமே வேணாம்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். கண் பாதி மூடியிருந்தது.

ஒரு வார்த்தை பேசாமல் மாடியேறிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. கத்தியும் பத்திரமான கைக்குப் போய்விட்டது. அவள் தாடை மட்டும் அரைத்துக்கொண்டே இருந்தது. அவன் கைகளைப் பார்த்தாள். தூக்கக் கலக்கத்திலும் துண்டை ஓரத்துக்கு ஓரம் பிசகாமல் மடிக்கிற கைகள். அந்தக் கைகளை அவனே நம்பாமல் ஒதுக்கிவிட்டான். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"மருந்து கைவிடலைங்க," என்றாள். "நான்தான் எடுத்துக்கிட்டேன். உங்க கையில வச்சது கால்சியம் மாத்திரை."

கத்தி நின்றது. "என்னடி சொல்றே?" என்றாள் நாத்தனார்.

"லீவு நாள்ல மட்டும்னுதான் ஆரம்பிச்சேன், அண்ணி. அப்புறம் எது லீவுன்னே தெரியாமப் போச்சு. இன்னைக்கும் நான்தான் முழுங்கியிருக்கேன்."

நுரைக்காரர் மெதுவாகக் கையை உயர்த்தித் தன் காது இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

அவன் முகம்தான் முதலில் மலர்ந்தது. "அப்ப நோய் முத்தலையா? என் கை நல்லாத்தான் இருக்கா?" என்று துள்ளி எழுந்தான். எழுந்த பிறகுதான் மீதியும் உறைத்தது. "நீயா? தெனமும் கைய நீட்டினேனே, அதுல நீயே..." குரல் உயர்ந்தது. அவ்வளவுதான், முழங்கால் துவண்டது. இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்து, காலியாக இருந்த இன்னொரு நாற்காலியில் சாய்த்தார்கள். நெற்றியில் கோபச் சுருக்கம் அப்படியே இருக்க, அவன் தூங்கிப்போனான்.

"திட்டறதுக்குக்கூட அவனுக்கு நீ தெம்பு மிச்சம் வைக்கல," என்றாள் நாத்தனார். "எழுந்ததும் திட்டுவான். நல்லாத் திட்டுவான். அதுவரைக்கும் இங்கேயே உக்காரு."

கணவன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்கும் தூங்க ஆசையாக இருந்தது. இமையை மூடினால் தானாகத் திறந்துகொண்டது. அவன் விழித்திருக்க வேண்டிய நேரம் அவள் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருந்தது, அதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. நாற்காலியின் கைப்பிடியில் அவன் உள்ளங்கை, காலையில் அவள்முன் நீட்டுவதுபோலவே, திறந்து கிடந்தது.