மந்திரி கைப் பால்

சரணாலய அதிகாரி வீரபாண்டி விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தது வாசலில் கட்டிய வரவேற்பு வளைவை அல்ல, யானைக்குட்டியின் பின்புறத்தை. கழிச்சல் நின்றபாடில்லை.

தாயை இழந்த குட்டி. பசும்பால் இனி ஒரு வாய் உள்ளே போனாலும் பிழைக்காது, கஞ்சித் தண்ணீர்தான் என்று பாலக்காட்டு மிருக டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தப் பாலைத் தொடங்கி வைத்த புண்ணியவான் வீரபாண்டியேதான். பிள்ளையாரே மலையிறங்கி வந்துவிட்டார் என்று நல்லேப்பிள்ளிச் சனங்கள் செம்பு செம்பாகப் பால் சுமந்து வந்தபோது, அதற்கு ‘மக்கள் பங்கேற்பு’ என்று பெயர் சூட்டி மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் பூரித்துப்போய் மந்திரியையே அனுப்பிவிட்டது. அவர் கையால் குட்டிக்குப் பால். பிறகு, மிருகப் பராமரிப்புப் பயிற்சி முடித்த உள்ளூர்க்காரர்களுக்குச் சான்றிதழ். எமர்ஜென்சி காலம் வேறு. ‘வேண்டாம்’ என்ற சொல்லை ஆபீசர்கள் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்த காலம்.

“கஞ்சித் தண்ணியத் தொடவே மாட்டேங்குதுங்க,” என்றாள் பூவாத்தாள். எலப்புள்ளிக்காரி, பயிற்சியின் முதல் அணியில் தேறியவள். புதுக் காக்கி உடுப்போடு சாணியில் உட்கார்ந்து குட்டியின் தலையை மடியில் தாங்கியிருந்தாள். “பால் வேண்டாம்னு மந்திரிகிட்டச் சொல்லிப் போடுங்க.”

“நீயே சொல்லேன் தாயி.”

“எனக்கு நீங்க சல்யூட்டு மட்டுந்தானுங்க நல்லாச் சொல்லிக் குடுத்தீங்க.”

மந்திரி வந்தார். காட்டு உயிர்கள் நம் உடன்பிறப்புகள் என்று மைக் சூடாகும்வரை பேசினார். உடன்பிறப்பு எழுந்து நிற்கக்கூட முடியாமல் கிடந்தது. போட்டோக்காரர் குனிந்தார், மந்திரியின் வெள்ளிக் கிண்ணம் குட்டியின் வாயை நோக்கி இறங்கியது.

வீரபாண்டிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கை மட்டும் நீண்டு கிண்ணத்தைப் பிடுங்கியது.

“ஐயா, மொதல்ல நான் குடிச்சுப் பாக்கணும். விதி.”

“அப்படி ஒரு விதி உண்டா?” என்று மந்திரி செயலாளரைப் பார்த்தார்.

தனக்குத் தெரியாத விதி இருப்பதை ஒப்புக்கொள்வாரா செயலாளர்? “உண்டு சார்.”

வீரபாண்டி அடிமண்டிவரை குடித்தார். மந்திரி கொடுத்தபின் பஞ்சாயத்துத் தலைவர் சும்மா இருப்பாரா? அவர் கிண்ணமும் நீண்டது. மரக் கான்ட்ராக்டர், மாதர் சங்கத் தலைவி, தலைவியின் கொழுந்தன்...

“குட்டிக்கு எப்பங்க?” என்றார் ஒருவர்.

“சோதனை இன்னும் முடியல,” என்றார் வீரபாண்டி, ஏப்பத்துக்கும் குமட்டலுக்கும் நடுவே.

மந்திரிக்குத் திறந்துவைக்க இன்னோர் ஊரில் பாலம் காத்திருந்தது. காரில் ஏறும்போது, “இந்த ஆளை எங்கேயாவது தூரமாக மாற்று,” என்று செயலாளரிடம் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீரபாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு புதர்ப் பக்கமிருந்து தள்ளாடி வந்தார். குட்டி கிடந்த இடத்திலேயே கிடந்தது. கஞ்சி வாளி அப்படியே நிறைந்திருந்தது.

“போயிருமா தாயி?”

“இன்னிக்குள்ள குடிக்கலீனா போயிருமுங்க.” அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்களாச்சும் குடிங்க. ரெண்டு பேருக்கும் ஒரே நோவு, ஒரே வைத்தியந்தானுங்க.”

அவர் வைக்கோலில் சரிந்து, வாளிக்குள் முகத்தைக் கவிழ்த்து உறிஞ்சினார். குட்டியின் கண் திரும்பியது. துதிக்கை மெல்ல ஊர்ந்து வந்து, பால் வாடை அடித்த அவர் மீசையைத் தடவியது. அங்கிருந்து வழுக்கி வாளிக்குள் இறங்கியது.

“ஆடாதீங்க, அசையாதீங்க,” என்றாள் பூவாத்தாள், மூச்சு விடும் குரலில்.

வயிறு அவரை மறுபடியும் புதருக்கு அவசரமாக அழைத்தது. வீரபாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.