சிஸ்டரின் ஓட்டு

சாப்பாட்டு மேசையை வெளியே எடுத்தால்தான் கண்ணாடிப் பெட்டிக்கு ஹாலில் இடம் கிடைக்கும் என்று ஆனது. மேசையோ வாசலில் இடித்தது. அவர் யாரையும் கேட்காமல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு அதன் அடியில் புகுந்து கால்களைக் கழற்றத் தொடங்கினார்.

"ஐயா, நீங்க ஏன் கஷ்டப்படறீங்க? நம்ம ஆளுங்க பார்த்துப்பாங்க" என்று குனிந்து பார்த்தார் கட்சியின் மாவட்டச் செயலாளர்.

"ஆச்சு, ஆச்சு. ஒரு கால்தான் பாக்கி."

உண்மையில் இன்னும் ஒன்றுகூடக் கழலவில்லை. மேசைக்கடியில் யாரும் வந்து தோளைத் தொட்டு ஆறுதல் சொல்ல முடியாது. அதற்காகவே மெதுவாகக் கழற்றினார்.

இறந்துபோனவள் அவர் மனைவி. இரண்டாவது முறையாகச் சட்டமன்ற உறுப்பினர். ஆனால் தொகுதியில் எல்லோருக்கும் அவள் 'சிஸ்டர்'தான். பெரியாஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்த காலத்துப் பெயர். அவர் அங்கே லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோனது. உள்ளே வலியெடுத்த ஒரு பெண்ணும் அவளும். "லிஃப்ட்காரரே, நீங்க முதல்ல வர்றீங்களா, குழந்தை முதல்ல வரட்டுமா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலைத்தான் அவர் கல்யாணம் செய்துகொண்டார்.

அரசியலுக்கு அவளாகப் போகவில்லை. ஒரு மழைக்காலத்தில் வார்டுக் கூரை ஒழுகியது. எழுதிக் கொடுத்தும் யாரும் வந்து பார்க்கவில்லை. அவள் குழந்தைகளைத் தொட்டில்களோடு தள்ளிக்கொண்டு போய் நிர்வாக அதிகாரியின் அறையில் வரிசையாக நிறுத்திவிட்டாள். "இங்க ஒழுகல சார், அதான்" என்றாளாம். கூரை சரியானது. அவளுக்கு வேலை போனது. அவளுக்காக நர்ஸுகளின் வேலை நிறுத்தம், பிறகு நகரசபைத் தேர்தல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. கடைசியில் கட்சி சீட்டே கொடுத்தது. ஜெயிக்க முடியாத தொகுதி என்பதால் அதற்கு யாரும் சண்டை போடவில்லை. அவள் ஜெயித்துவிட்டாள்.

மேசை வெளியே போனது. பெட்டி உள்ளே வந்தது. அவளை அதில் வைத்து, கட்சிக்கொடியைப் போர்த்தினார்கள். அவர் நிற்க முடியாமல் சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்தார், மூடினார். வாசலுக்கு வந்தார். யாரோ நாற்காலியை நீட்டினார்கள். உட்காருவதுபோல் அதன் முதுகைத் தொட்டுவிட்டு மாடிப்படி ஏறினார். பாதியில் எதற்கு ஏறுகிறோம் என்று தெரியாமல் இறங்கினார்.

செயலாளர் படியடியிலேயே காத்திருந்தார், கையில் ஃபோனோடு.

"சட்டமன்றத்துல நாளைக்கு இரங்கல் தீர்மானம் படிக்கணும்யா. அவங்க பின்னணி கொஞ்சம் கேக்கறாங்க. தொழில் 'சமூக சேவகி'ன்னு போட்டுரலாமா?"

"நர்ஸ்னு போடுங்க."

"அது கொஞ்சம் சாதாரணமா இருக்குமே..."

"அவ இருந்தா சாதாரணமா ஒரு முறை முறைப்பா. நர்ஸ்னே போடுங்க."

செயலாளர் சிரிக்கலாமா கூடாதா என்று பார்த்துவிட்டு, சிரிக்காமல் தட்டச்சு செய்தார். "அப்புறம் சபையில அவங்க செஞ்சது?"

அவருக்கு முதலில் நினைவுக்கு வந்தது ரத்த அழுத்தக் கருவிதான். அதை எப்போதும் கைப்பையில் வைத்திருப்பாள். இடைவேளையில் தாழ்வாரத்தில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி வித்தியாசமில்லாமல் சட்டைக்கையை மடித்துக்கொண்டு அவள் முன்னால் நிற்பார்களாம். "பேசறப்ப இவ்வளவு கத்தாதீங்க, ஏறியிருக்கு பாருங்க" என்று எதிர்க்கட்சிக் கொறடாவையே அதட்டியிருக்கிறாள். இதையெல்லாம் தீர்மானத்தில் எழுதுவார்களா என்று தெரியவில்லை.

"நீங்களே ஏதாவது போட்டுக்குங்க" என்றார்.

"கடைசி வரி நான் வெச்சிருக்கேன்யா. 'பெரியாஸ்பத்திரியை நவீனமாக்கும் மசோதாவைத் தன் வாழ்நாள் கனவாகக் கொண்டிருந்தார்.' தலைவர் இங்க வந்து இதைத்தான் பேசப்போறார். இன்னிக்குச் சபை ஒத்திவைச்சாச்சு. நாளைக்கு ஓட்டெடுப்பு."

அவர் படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அந்த மசோதா ஆஸ்பத்திரியை ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுப்பது.

"தம்பி, அவ அதை எதிர்த்து ஓட்டுப் போடறதா இருந்தா."

செயலாளரின் கட்டைவிரல் அப்படியே நின்றது. "யார் சொன்னது?"

"அவதான். காலையில."

செயலாளர் சுற்றிலும் பார்த்தார். குரல் தானாகத் தாழ்ந்தது. "ஐயா, இதை இதோட விட்டுருங்க. கெஞ்சிக் கேக்கறேன். இந்த இடத்துக்கு உங்க பொண்ணைத்தான் நிறுத்தணும்னு தலைவர் வாயாலேயே சொல்லிட்டார். கெடுத்துக்காதீங்க."

சற்று நேரம் கழித்து மகளைச் சமையலறையில் பார்த்தார். வந்தவர்களுக்குத் தேநீர் போய்க்கொண்டே இருந்தது. முகம் அழுது வீங்கியிருந்தாலும் கை ஓயவில்லை. அம்மாவின் தொகுதி அலுவலகத்தை இத்தனை வருஷமும் நடத்தியது அவள்தான். முதியோர் உதவித்தொகை, தண்ணீர்க் குழாய், பள்ளிக்கூடச் சுவர் என்று எந்தப் புகாருக்கும் முதலில் அவளைத்தான் தேடி வருவார்கள்.

"செயலாளர் சொன்னார்ப்பா. அம்மா நிஜமாவே அப்படிச் சொன்னாங்களா?"

"ம்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சாயந்தரம் சொல்லலாம்னு இருந்திருப்பா."

அவள் வடிகட்டியைத் தட்டினாள். தேவைக்கு மேல் தட்டினாள். "நீங்க வெளியில சொன்னா எனக்கு சீட்டு இல்ல. தெரியுமில்ல?"

"தெரியும்."

"எனக்கு வேணும்ப்பா. இன்னிக்குப் போய் இப்படிப் பேசறேனேன்னு நினைக்காதீங்க. அந்த வேலை எனக்குப் பிடிக்கும். நல்லாவும் செய்வேன்."

"செய்வே. எனக்குத் தெரியாதா?"

அவர் பின்கதவைத் திறந்து வெளியே போனார். காலையில் அவள் சொன்னது திரும்பத் திரும்ப ஓடியது. ஸ்டூலில் உட்கார்ந்து செருப்பு வாரைப் போட்டுக்கொண்டே, "ஏங்க, நான் இன்னிக்கு எதிர்த்துதான் ஓட்டுப் போடப்போறேன்" என்றாள். "கட்சியில இருந்து துரத்திடுவாங்களே" என்றார் அவர். "துரத்தட்டும். எங்கயாவது நைட் டியூட்டி கிடைக்காமலா போயிடும்?" என்று சிரித்தாள். அடுத்த வாரைப் போடக் குனிந்தவள் நிமிரவில்லை.

தெருவில் கார்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

தலைவர் பெட்டிக்கு மாலை வைத்து, கைகூப்பி நின்றார். தலைவரின் கண் கலங்கியது உண்மை. அவளிடம் கை நீட்டி ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். பிறகு ஒலிவாங்கிகள் நீண்டன. சிஸ்டர் தனக்குத் தங்கை மாதிரி என்றார். தங்கையின் கடைசி ஆசையை நாளை சபை நிறைவேற்றும் என்றார். பின்வரிசையில் யாரோ கைதட்டப் போய் நிறுத்திக்கொண்டார்கள்.

"நீங்க என்ன சொல்றீங்க மேடம்?" ஒலிவாங்கிகள் மகளின் பக்கம் திரும்பின. "அம்மாவோட கனவை நீங்க தொடர்வீங்களா?"

செயலாளர் அவளைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். அவள் பெட்டியைப் பார்த்தாள். முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்தாள்.

"அம்மா கடைசியா பேசினது அப்பாகிட்டதான்" என்றாள். "அவரையே கேளுங்க."

அவர் சுவரோரம், யாருடைய கண்ணிலும் படாத இடத்தில் நின்றிருந்தார். எல்லோரும் திரும்பியதும் அவருக்கும் தெருக்கதவுக்கும் நடுவில் இருந்த தூரத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் பார்வையை விலக்கவில்லை.

"காலையில செருப்புப் போட்டுக்கிட்டே சொன்னா" என்றார். "அந்த மசோதாவுக்கு எதிரா ஓட்டுப் போடப்போறேன்னு. அவ்வளவுதான்."

ஒலிவாங்கிகள் அவர் பக்கம் இன்னும் நெருங்கி நீண்டன.

தலைவர் அவர் தோளில் கை வைத்தார். "பாவம், துக்கத்துல இருக்கார். என்ன பேசறோம்னு..."

"துக்கத்துலதான் இருக்கேன்" என்றார் அவர். "காது நல்லாக் கேக்குதுங்க."

கை தோளிலிருந்து இறங்கியது. தலைவர் பெட்டியைப் பார்த்து இன்னொரு முறை கும்பிட்டார். முதலில் கும்பிட்டதைவிட இது சுருக்கமாக இருந்தது. வெளியே கார்க்கதவுகள் அடுத்தடுத்துச் சாத்தப்பட்டன. வாசலில் செயலாளர் செருப்பைத் தேடிக்கொண்டே, "இப்படிப் பண்ணிட்டீங்களேய்யா" என்றார். கோபமாகக்கூட இல்லை, களைப்பாக. பிறகு அவரும் போனார்.

பிற்பகலுக்குள் வீடு காலியானது. பந்தல் போட்டவர்கள் ஒலிபெருக்கியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அண்டை வீட்டார் சிலர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். மகள் வெறும் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். அவர் உதவப் போனபோது, "நான் பார்த்துக்கறேன்" என்றாள். அவர் மறுபடி ஹாலுக்கும் பின்கட்டுக்குமாக நடக்கத் தொடங்கினார்.

ஷிஃப்ட் முடிந்த நர்ஸுகள் சீருடையோடு வந்தார்கள். செய்தி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளோடு வேலை பார்த்த தலைமை நர்ஸ் அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் பெட்டியருகே போனாள். மற்றவர்கள் பெட்டியைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். ஒருவருக்கொருவர் மெல்லப் பேசிக்கொண்டார்கள். சிலர் பஸ் பிடிக்கப் புறப்பட்டார்கள்.

அவர் இன்னொரு நடை முடித்து வந்தபோது, மிச்சமிருந்தவர்களில் ஒருத்தி தூங்கிப்போயிருந்தாள். சின்னப் பெண். அவர் முன்பின் பார்த்ததில்லை. தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. பக்கத்தில் இருந்தவள் வெட்கப்பட்டு, அவளை எழுப்பக் கை நீட்டினாள்.

"விடும்மா" என்றார். "டியூட்டி முடிச்சு வந்திருக்கா."

மூலையில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைச் சத்தமில்லாமல் தூக்கி அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். பிறகு சுவரில் முதுகைச் சாய்த்து, கால் நீட்டித் தரையில் உட்கார்ந்தார்.

மகள் தேநீரோடு வந்தாள். தூங்குகிறவளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். டம்ளரை அந்தப் பெண்ணின் கை தட்டிவிடாத தூரத்தில் வைத்து, ஆறாமல் இருக்க ஒரு சின்னத் தட்டால் மூடினாள்.